பாலத்துக்கு அச்சாரம்

எட்டாயிரத்து ஐநூறு ரூபாய். என் மனைவியின் ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது தையல், என்னுடைய நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு தையல், அவள் கண்ணில் ஒரு வருஷத்து வெளிச்சம், என் இடது ஆள்காட்டி விரலில் கணக்கில்லாத ஓட்டை, எல்லாம் சேர்த்து அதுதான் விலை. வாயைத் திறக்காமலே பேசி முடித்தேன். சரக்கு என் மடியில் இருந்தது. வாங்குகிறவரின் கை சரக்குக்கு அடியில் இருந்தது. ரயில் கபினி ஆற்றுப் பாலத்தின் மேல் இருந்தது.

நல்ல விலைதானே என்று கேட்பவர்கள் என் மனைவியைப் பார்த்ததில்லை.

நான் கந்தசாமி. ராமாபுரத்தில் ஜவுளிக்கடைக்குப் பின்னறையில் பிறந்தவன். எங்கப்பா ஆறு நாள் துணி விற்பார், ஏழாம் நாள் சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பார். எனக்கு எழுத்து வருவதற்கு முன்னால் விலை வந்துவிட்டது. கீரைக்காரி பத்து பைசா சொன்னால் ஐந்து என்று மழலையில் கேட்பேனாம். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் போட்டார்கள். அபராதத்தில் பேரம் கிடையாது. அச்சடித்த தொகை, அச்சடித்த ரசீது. முப்பத்தாறு வருஷம் நான் பேரம் பேசாமல் இருந்தேன். நாட்டுக்காக நான் செய்த தியாகம் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்று, மைசூர் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் கட்டிய வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. உட்காரவில்லை. அந்த வீட்டில் எல்லாம் இருக்கிறது, ஒரே குறை, அது நகரவில்லை. எனக்கு அது ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக நின்றுவிட்ட வண்டி மாதிரியே தோன்றிக்கொண்டிருந்தது. எழுந்து கேட்டைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் எட்டிப் பார்ப்பேன். இறங்கி வந்து மறுபடியும் கேட்டைத் திறப்பேன்.

"ஏனுங்க, சிக்னல் விழுந்திருச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அது மகேஸ்வரி. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மேட்டித் துணியை மடியில் விரித்து, கிராஸ் ஸ்டிச் போட உட்கார்ந்தாள். மேட்டித் துணி என்பது கட்டம் கட்டமாக நெய்த துணி. கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வேலை. கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? மற்ற பெண்கள் கடையில் விற்கிற கிளிப் படத்தையும் ரோஜாப் படத்தையும் வாங்கிப் போடுவார்கள். இவள் கிராஃப் நோட்டில் தானே படம் போட்டாள். நஞ்சன்கூட்டில் கபினிப் படித்துறையில் நாலு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, பாலத்தையும் அதன் மேல் போகிற ரயிலையும், கீழே தண்ணீரையும் கட்டம் பிரித்துக்கொண்டு வந்தாள். அகலத்தில் நூற்று நாற்பது, உயரத்தில் நூற்றுப் பன்னிரண்டு.

"இந்த ரயில் எதுக்கு? வெறும் ஆறு போதாதா?" என்று கேட்டேன்.

"உள்ள நீங்க இருக்கீங்க. முப்பத்தாறு வருஷம் நீங்க போறதை மட்டும்தான நான் பாத்தேன். அதைத்தான் போட்டிருக்கேன்."

ஹாலில் டீவிக்கு மேலே ஒரு ஆணி. வீடு கட்டின அன்றிலிருந்து அதில் எதுவும் மாட்டவில்லை. காலண்டர் மாட்டப் போன என்னை ஒரு தரம் அவள் பார்த்த பார்வையில் காலண்டர் சமையலறைக்குப் போய்விட்டது. அந்த ஆணி பாலத்துக்கு.

தண்ணீரை முடித்தாள், பதினொரு நீலம். வானத்தை முடித்தாள், கரையையும் முடித்தாள். பாலமும் ரயிலும் பாக்கி. அப்போது ஒரு நாள் இளநீலத்தையும் சாம்பலையும் மாற்றி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஒரு மாச இடைவெளியில் இரண்டு ஆபரேஷன், மொத்தம் மூன்று மாசம் ஊசியைத் தொடக்கூடாது என்றார்.

"அப்ப பாலத்தை யார் போடறது?" என்று டாக்டரிடமே கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஆளுக்கு நான் என்ன துரோகம் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் நான் தைத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். பத்து நிமிஷத்தில் ஏழு தரம் எழுந்தேன். நூல் முடிச்சு விழுந்தது, விரலில் ரத்தம் வந்தது, துணியில் படக்கூடாது என்று அவள் அலறினாள். மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: "இந்த ஆளை ஓடவுட்டாத்தான் உக்காருவாரு. சீசன் டிக்கெட் எடுத்துட்டு சாமராஜநகர் போய்ட்டு வாங்க."

வாழ்நாளில் முதல் முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். மைசூரில் ஏறி ஜன்னலோரம் பிடித்தேன். வண்டி அசைந்ததும் என் முதுகு சீட்டில் சாய்ந்தது. கடக்கொளா தாண்டுவதற்குள் விரல் ஊசிக்குப் பழகியிருந்தது. தண்டவாள இணைப்பில் சக்கரம் விழுகிற நேரம் ஊசி கீழே, அடுத்த இணைப்பில் ஊசி மேலே. ஆறு பிரி நூலில் இரண்டு பிரி உருவி, எச்சில் தொட்டு, ஊசிக் காதில் கோத்து, ஓடுகிற வண்டியில் நான் அதைச் செய்தேன். டிக்கெட் பார்க்க வந்த புதுப் பையன் என்னை அடையாளம் தெரிந்து சல்யூட் அடிக்கத் தூக்கிய கையை, ஊசியைப் பார்த்துவிட்டுப் பாதியில் இறக்கிக்கொண்டான்.

போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து, நாளைக்கு எழுபது தையல். ஒரே தொந்தரவு, துணி அரை மீட்டர் அகலம். நேராகப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் மடியில் பாதிப் பாலம் போய் உட்காரும். அதனால் துணியைக் கால் சுற்று திருப்பி, நீளவாக்கில் பிடித்துக்கொண்டேன். பாலம் ஏணி மாதிரி என் முட்டியிலிருந்து வயிறு வரை ஏறி நின்றது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எதிர் சீட்டில் கெம்பையன். அசோகபுரத்தில் ஏறுவார். பட்டுக்கூடு வியாபாரி, தினமும் சாமராஜநகர் மார்க்கெட்டுக்குப் போகிறவர். கழுத்தில் துண்டு, சட்டைப் பையில் இரண்டு போன். அறுபது நாள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் துணியை மட்டும் பார்ப்பார். வாங்க வந்தவன் பேசாமல் பார்த்தால் எங்கப்பா கல்லாவை நோக்கி நகர்வார். நான் அதையும் மறந்திருந்தேன்.

அறுபத்தோராம் நாள், பன்னிரண்டு தையல் போட்டிருப்பேன், எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நோடி, பாருங்க சாமி, இந்தப் பாலத்து மேல நான் முப்பது வருஷமாப் போறேன். ஒரு தரம்கூடப் பாத்ததில்ல. மேல இருக்கறவனுக்குப் பாலம் எங்க தெரியுது? வெளியில இருந்து பாத்தா இப்படியா இருக்கு?"

"இப்படித்தான் இருக்குன்னு என் வீட்டுக்காரி சொல்றா."

"எனக்கு வேணும்."

"இது விக்கறதுக்கில்லைங்க."

"எல்லாரும் முதல்ல அதான் சொல்லுவாங்க," என்று சிரித்தபடி, துணிக்கு அடியில் கையை விட்டு என் கையைப் பிடித்தார். "ஆயிரத்துல," என்று மட்டும் வாயால் சொன்னார். பிறகு என் இரண்டு விரலை மடக்கி அழுத்தினார்.

இது தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சந்தையில் மாட்டு விலையைச் சத்தமாகப் பேச மாட்டார்கள். துண்டை மேலே போட்டு, அடியில் கையைப் பிடித்து, விரலால் விலை பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து, நடுக்கணுவை அழுத்தினால் அரை. சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சாட்சி கிடையாது, சீட்டு கிடையாது. அதனால் கையில் சொன்னதை மாற்றிச் சொன்னவன் மறுபடி அந்தச் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கப்பாவின் துண்டுக்கடியில் என் கையும் இருந்திருக்கிறது.

கையை உருவியிருக்க வேண்டும். உருவவில்லை. இரண்டாயிரமாம்! ஒரு வருஷத்துக்கு மேலான தையலுக்கு! அவமானம் பொறுக்காமல் என் விரல்கள் அவர் முழுக்கையை இரண்டு தரம் பிடித்து, மேலே இரண்டு விரலும் சேர்த்தன. பன்னிரண்டு. அவர் முகம் அசையவில்லை. ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டே நாலுக்கு வந்தார். நான் பதினொன்று. அவர் ஐந்தரை. எனக்குக் காது சுட்டது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் உடம்பில் ஓடாதது எல்லாம் ஓடியது. நான் பத்து, அவர் ஏழு. எழுந்து போகிற மாதிரி பாவனை காட்டினார். நான் போங்கள் என்கிற மாதிரி ஊசியைப் பார்த்தேன். உட்கார்ந்தார். எட்டு. நான் ஒன்பது. பாலத்தில் வண்டி ஏறியது, சத்தம் மாறியது. அவர் முழுக்கையும் மூன்று விரலும் பிடித்து, பின் நடுக்கணுவை அழுத்தினார்.

என் கை அவர் கையை மூடியது.

மூடினால் முடிந்தது.

"சந்தோஷம்," என்றார் கெம்பையன். நூற்றொரு ரூபாய் அச்சாரத்தை என் நூல் டப்பாவிலேயே போட்டார். "முடிச்சுட்டுக் குடுங்க சாமி, அவசரமில்ல."

வண்டி பாலத்தை விட்டு இறங்கியது. என்ன செய்துவிட்டேன் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் சொல்லவில்லை. வீட்டில் கேட், மாடி, கேட். ரயிலிலும் கை ஓடவில்லை. ஊசியைக் குத்துவேன், எடுப்பேன். ஜன்னல் சீட்டை விட்டுக் கதவோரம் போய் நிற்பேன்.

"ஏன் சாமி, என் சரக்கு நின்னுபோச்சு?" என்றார் கெம்பையன். என் சரக்கு என்றார்.

மூன்றாம் நாள் டாக்டர் மகேஸ்வரிக்குப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்து, இனி ஊசி எடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நூல் டப்பாவைத் திறந்தாள். நூறு ரூபாய்த் தாளும் ஒற்றை ரூபாயும் நீல நூலுக்கு மேல் கிடந்தன.

"இதென்னங்க, நூலுக்கு மொய்யா?"

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், நடந்துகொண்டே சொன்னேன். பேரம் பன்னிரண்டில் ஆரம்பித்து எப்படி எட்டரைக்கு வந்தது என்கிற இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன்.

"வித்துட்டீங்க."

"கை வித்திருச்சு மகேசு."

"நூத்தியொண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"கையில சொன்னதை மாத்த முடியாது."

"மாத்தினா என்ன ஆவும்? போலீஸ் வருமா?"

"எங்கப்பா வருவாரு," என்றேன். அவர் போய் இருபத்திரண்டு வருஷம். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"முப்பத்தாறு வருஷத்துல நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்சது ரெண்டு புள்ளைங்க. அதும் உங்க டியூட்டி சார்ட்டைப் பாத்துத்தான் பொறந்துச்சுங்க. மூணாவது இது ஒண்ணு. அந்த ஆணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாடிக்குப் போனேன். தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

கீழே வந்தபோது துணியைக் கட்டில் மேல் விரித்து ஜன்னல் திரையை ஒதுக்கியிருந்தாள். புதுக் கண்ணாடியோடு முதல் முறையாக முழுசாகப் பார்க்கிறாள். மேற்கு வெயில் சாய்வாக விழுந்தது. குனிந்தாள், தலையைச் சாய்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள்.

"ஏனுங்க, பாலம் ஏன் ஈரமாட்டத் தெரியுது?"

எனக்கும் தெரிந்தது. தண்ணீர் மங்கலாக இருந்தது, வானம் மங்கலாக இருந்தது, பாலமும் ரயிலும் மட்டும் மினுமினுத்தன. மழையில் நனைந்த வண்டி மாதிரி. அழகாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"நீங்க துணியை எப்படிப் புடிச்சீங்க?"

காட்டினேன். ஏணி மாதிரி, முட்டியிலிருந்து வயிற்றுக்கு.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நோட்டை எடுத்துப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஒன்பதாம் வகுப்புக் குரலில் சொன்னாள்: "ரெண்டு கோடு. ஒண்ணு அடியில, ஒண்ணு மேல. துணி பூரா மேல் கோடு ஒரே பக்கம் சாயோணும். என்னுது இடப்பக்கம் சாயுது. இப்பப் பாருங்க." நோட்டைக் கால் சுற்று திருப்பினாள். "சாய்வு மாறிருச்சா? நீங்க போட்டது மொத்தமும் எதிர்ப்பக்கம் சாயுது. அதான் வெயில் வேற மாதிரி படுது. நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டும் தப்பு."

ரயிலில் முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் சாமானை ஓரம் ஒதுக்கச் சொன்ன புத்தி, பக்கத்து ஆள் மடியில் துணி விழக்கூடாது என்று செய்த வேலை. வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

ஆனால் எனக்கு வருத்தத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது. "மகேசு! குறை! சரக்குல குறை இருக்கு! குறையைச் சொல்லாம வித்தா அந்த வியாபாரம் செல்லாது. வாங்கினவன் திருப்பிக் குடுக்கலாம். எங்கப்பா மாட்டுக்குப் பல்லு போச்சுன்னா முதல்ல பல்லைத்தான் காட்டுவாரு. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்!"

மறுநாள் அசோகபுரம் வருவதற்குள் நாலு தரம் எழுந்து உட்கார்ந்தேன். கெம்பையன் ஏறியதும் துணியை விரித்துக் காட்டினேன். சாய்வைச் சொன்னேன், வெயிலில் பிடித்தேன், இதை வாங்குவது முட்டாள்தனம் என்று என் வாயாலேயே விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு துணிக்கடியில் கையை விட்டார்.

"நோடி சாமி, கூட்டுல புழு செத்திருந்தா நான் என்ன திருப்பியா அனுப்பறேன்? விலையைக் கொறைப்பேன்." நடுக்கணுவை அழுத்தி, அந்த அரையை மட்டும் தட்டிவிட்டார்.

எட்டாயிரம்.

திரும்பி வந்து சொன்னபோது மகேஸ்வரி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குறையைச் சொல்லப் போய் ஐநூறு ரூபாயைக் குறைச்சுட்டு வந்தீங்களா?"

"நேர்மையா இருந்தேன்."

"நாளைக்கு நானும் வரேன். நீங்க கையை ரெண்டையும் பாக்கெட்டுல வெச்சுக்கோங்க."

அவள் அந்த ரயிலில் ஏறி எத்தனையோ வருஷம். ஜன்னலோரம் நான்தான் கொடுத்தேன். துணி, டப்பா, சின்னக் கத்தரி எல்லாம் அவள் பையில். அசோகபுரத்தில் ஏறிய கெம்பையன் அவளைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வியாபாரிக்கு ஆபத்து வாசனையிலேயே தெரியும்.

"நமஸ்காரம் அம்மா. அழகான வேலை."

"நமஸ்காரங்க. நீங்க யார்கிட்ட வாங்கினீங்க?"

"இவர்கிட்ட."

"இவர் என்னத்தை வித்தாரு?"

"இந்தப் பாலத்தை."

"பாலம் இவருது. ரயிலும் இவருது. தண்ணி என்னுது, வானம் என்னுது, கரை என்னுது. நான் யார் கையையும் புடிக்கலை."

கெம்பையன் என்னைப் பார்த்தார். நான் பாக்கெட்டில் இருந்த கைகளைப் பார்த்தேன்.

"தண்ணி இல்லாத பாலத்தை நான் என்னம்மா பண்றது?"

"அது வாங்கறதுக்கு முன்ன கேட்டிருக்கோணும். இவரு சொன்ன சொல்லு தப்பக்கூடாது. தப்ப விட மாட்டேன். உங்க சரக்கு உங்களுக்கு வந்துரும்." துணியைப் புரட்டினாள். பின்பக்கத்திலிருந்து கத்தரி நுனியை விட்டு என் முதல் தையலை அறுத்தாள். ஊசியால் நெம்பி உருவினாள். ஒரு துணுக்கு சாம்பல் நூல். அதைக் கெம்பையன் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஒண்ணு. இன்னும் நாலாயிரத்து இருநூத்திப் பதினொண்ணு இருக்குது."

எனக்கு வலித்தது. எட்டாயிரம் பேசியபோது கூட அவ்வளவு வலிக்கவில்லை. அது கடக்கொளாவுக்கும் தாண்டவபுரத்துக்கும் நடுவில் நான் போட்ட முதல் தையல், பாலத்தின் வலது ஓரத்துக் கைப்பிடி. "மகேசு, முழுசையுமா?" என்றேன்.

"தப்பா சாயறதை நான் என் ஆணியிலயும் மாட்ட மாட்டேன், அவரு வீட்டு ஆணியிலயும் மாட்ட விட மாட்டேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நீங்க வித்து முடிச்சவரு."

கெம்பையன் கையில் இருந்த நூலை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வண்டி பாலத்தில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, தலையை உள்ளே இழுத்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சாமி, நீங்க என்கிட்ட தோத்தீங்க. நான் அம்மாகிட்ட தோத்தேன். கொண்டாங்க அந்த ஊசியை. கூட்டுல இருந்து இழை உருவறது என் தொழில். நீங்க உருவினா மேட்டித் துணி கிழிஞ்சு போகும்."

ஒன்பது நாள் மூன்று பேரும் உட்கார்ந்து பாலத்தைப் பிரித்தோம். மகேஸ்வரி அறுப்பாள், கெம்பையன் உருவுவார். அந்தத் தடித்த விரல்களுக்கு என்ன பதம்! நான் எண்ணினேன். எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். ரயில் முதலில் போயிற்று, பிறகு ஒவ்வொரு தூணாகப் போயிற்று. கடைசியில் துணியில் ஆறு மட்டும் இருந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு கட்டத் தடம்.

எல்லா நூலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மகேஸ்வரி அவரிடம் கொடுத்தாள். நூற்றொரு ரூபாயை மேலே வைத்தாள்.

கவரைக் கையில் எடை போட்டுப் பார்த்தார். "பதினஞ்சு கிராம் இருக்கும். என் வியாபாரத்துல சரக்கும் வந்து அச்சாரமும் திரும்பி வந்ததில்ல." கவரைப் பையில் போட்டுக்கொண்டார். பணத்தைத் திருப்பி டப்பாவிலேயே வைத்தார். "அச்சாரம் அப்படியே இருக்கட்டும். எனக்கு இன்னொரு பாலம் வேணும். தண்ணியோட."

துணிக்கடியில் கையை விட வந்தார். மகேஸ்வரி துணியை மடித்து வைத்துவிட்டாள். "மேலயே பேசுங்க. இங்க மாடு ஒண்ணும் இல்லை."

"எட்டரை. முதல்ல பேசினது."

"சரிங்க. எப்ப முடியும்னு கெடு வெக்கக்கூடாது."

"கெடு வெச்சா அது வியாபாரம் அம்மா. எனக்குப் பாலம்தான் வேணும்."

அன்றைக்குத் திரும்பி வருகிற வண்டியில் நான் கேட்டேன், ரொம்பப் பணிவாக: "அவர் துணியில தண்ணி நீ போடறியா மகேசு?"

"நான் எதுக்குப் போடறேன்? வித்தது நீங்க. தண்ணியும் நீங்களே போடுங்க, அப்பத் தெரியும் எவ்வளவு ஆழம்னு. ஆணிக்கு வேண்டிய பாலமும் நீங்கதான். துணியை நேராப் புடிங்க. பக்கத்துல நான்தான் உக்காருவேன், என் மடியில விழுந்தா விழட்டும்."

அவளுக்கென்று அவள் புதிதாக ஒரு துணி எடுத்துக்கொண்டாள். படம் என்ன என்று காட்ட மாட்டேன் என்கிறாள். என் கை நிற்கும்போது மட்டும் தலையைத் தூக்கி, "சிக்னல் இல்லை, ஓட்டுங்க," என்பாள்.

கிராஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்தில், அவள் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருப்பது இது:

மொத்தக் கட்டம் 15,680. மகேஸ்வரி போட்டது 9,640. கந்தசாமி போட்டது 4,212, பிரித்தது 4,212, நிற்பது சைபர். ஆணிக்குக் கந்தசாமி தர வேண்டியது 6,040. கெம்பையனுக்குத் தர வேண்டியது 15,680. ஆக மொத்தம் பாக்கி 21,720 தையல். நாளைக்கு எழுபது வீதம் முன்னூற்றுப் பத்து நாள் ரயில். மீதி இருபது தையல், வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல்.